செயலாளரின் ஆண்டறிக்கை: புதிய பயிற்சியாளரின் முதல் பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், கல்லூரி முதல்வர் அவர்களுக்கும், உடற்கல்வி இயக்குநர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரிக் கால்பந்து அணிக்குத் துணை நிற்பதற்காக நாம் தருமபுரியில் நடத்திவரும் இம்முன்னாள் மாணவர் சங்கத்தின் அறிக்கை, இந்த ஆண்டு பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றியது. நாம் மதிப்பூதியம் கொடுத்து அழைத்துவந்த புதிய தலைமைப் பயிற்சியாளரை அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று உறுப்பினர்கள் பலர் என்னிடம் கேட்டார்கள். வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களின் கல்லூரிகள் மோதும் போட்டியில், நம் அணி அரையிறுதியில் பெனால்டி உதையில் தோற்றது. கோப்பை வரவில்லை. ஆனால் முந்தைய பருவங்களில் இடைவேளைக்குப் பின் மூச்சு வாங்கி, கடைசி இருபது நிமிடங்களில் கோல் வாங்கியே பழகிய அணி இது. அந்த அரையிறுதியில் எதிரணி சோர்ந்த பிறகும் நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு விளங்கியிருக்கும்.

பயிற்சியாளர் பொறுப்பேற்றதும் செய்த முதல் வேலை, அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கியதுதான். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டரும், தரைக்கும் குறுக்குக் கம்பத்துக்கும் இடையே 2.44 மீட்டரும் இருக்க வேண்டும் என்பது ஆட்ட விதி. மழைக்காலத்தில் கோல் முன்னே தேங்கும் தண்ணீரை மூட ஆண்டுதோறும் செம்மண் கொட்டிக்கொண்டே வந்ததில், நம் மைதானத்தின் வடபுறக் கோல் ஏறத்தாழ ஒரு சாண் குட்டையாகிப் போயிருந்தது. அந்தக் கோலில் பழகிய கோல்கீப்பர்கள், வெளியூர் மைதானங்களில் உயரமாக வரும் பந்துகளைத் தவறவிட்டதற்கு ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். மண்ணை வெட்டி எடுத்து, நீர் வடிய வாய்க்கால் விட்டதற்கான செலவு கணக்கில் இருக்கிறது. இந்த ஆண்டு நாம் செய்த செலவுகளில் மிகவும் பயனுள்ளது அதுவே என்று நான் கருதுகிறேன்.

ஆட்டமுறை பற்றிக் குழுவுக்குப் புகார்களும் வந்தன. பந்தை முன்னால் தூக்கி அடித்துவிட்டு எல்லோரும் அதன் பின்னால் ஓடுவதே நம் அணியின் நெடுநாள் வழக்கம். 2019ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்ட பின், கோல்கிக்கின்போது, அதாவது எதிரணியினர் மேல் கடைசியாகப் பட்ட பந்து கோல் கோட்டுக்கு வெளியே போனபின் கோல் முன்னிருந்து அதை உதைத்து ஆட்டத்தைத் தொடரும்போது, பந்து கோலுக்கு முன்னுள்ள பெனால்டிப் பகுதியை விட்டு வெளியே போக வேண்டிய தேவை இல்லை. பக்கத்தில் நிற்கும் பேக் ஆட்டக்காரருக்கே தட்டிவிடலாம். பயிற்சியாளர் இதைக் கற்றுத்தந்தார். தொடக்க ஆட்டம் ஒன்றில் அப்படித் தட்டிய பந்து பறிபோய்க் கோலானபோது, பார்வையாளர் பக்கமிருந்து வந்த கூச்சலை அவர் பொருட்படுத்தவில்லை. தவறவிட்ட மாணவரை வெளியே எடுக்கவும் இல்லை. அந்த மாணவர் பருவம் முழுவதும் ஆடினார். இப்போது நம் அணியில் நிதானமாகப் பந்தை வெளிக்கொணர்பவர் அவரே.

காயங்கள் குறைந்ததையும் பதிவுசெய்ய வேண்டும். ஃபிஃபாவின் ‘11+’ எனப்படும் தயார்ப் பயிற்சியை அவர் கட்டாயமாக்கினார். இருபது நிமிடங்களில் முடியும் பதினைந்து பயிற்சிகள் அதில் உண்டு. முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலைத் தோழர் பிடித்துக்கொள்ள, அவர் முதுகை வளைக்காமல் மெல்ல முன்னால் சாயும் பயிற்சி, தொடையின் பின்தசையைக் காப்பதற்கானது. முறையாகச் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைகின்றன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பந்தைத் தொடுவதற்கு முன் இவ்வளவு நேரமா என்று தொடக்கத்தில் சலித்த மாணவர்கள், பருவத்தின் நடுவில் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள்.

உணவும் நீரும் குறித்து அவர் கேட்டவை எளியவை. டீயும் பிஸ்கட்டும் இருந்த இடத்தில் கேழ்வரகுக் கூழ், வேகவைத்த நிலக்கடலை, முட்டை ஆகியவை வந்தன. கேழ்வரகு நம் மாவட்டத்தின் பயிர். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மைதானத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ஆட்டக்காரர்கள் குடிக்கக் கூடாது என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். நம் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களையும் எலும்புகளையும் கெடுக்கும் அந்தப் பாதிப்பைத் தணிக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது அந்தக் குடிநீரே கேன்களில் மைதானத்துக்கு வருகிறது.

தீராத குறை ஒன்று உண்டு. அணியில் பாதிப் பேர் ஏரியூர், மாரண்டஅள்ளி, தீர்த்தமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவர்கள். கையில் இலவசப் பயண அட்டை இருந்தாலும், மாலைப் பேருந்தை விட்டால் சிலருக்கு வீடு திரும்ப வழியில்லை. அதனால் பயிற்சியின் இறுதிப் பகுதியை, அதாவது இருபுறமும் அணி பிரித்து ஆடும் பகுதியை, முழு அணியோடு நடத்த முடிவதே இல்லை. காலைப் பயிற்சிக்கு மாற்றிப் பார்த்ததில் தொலைவிலிருந்து வருபவர்களால் நேரத்துக்கு வர இயலவில்லை. போட்டி நடக்கும் மாதங்களிலாவது இம்மாணவர்கள் நகரிலேயே தங்க இடம் பார்த்துத் தருவது நம் சங்கத்தால் முடியக்கூடியதே.

ஆகவே இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். பயிற்சியாளருக்கான மதிப்பூதியத்தை, கோப்பை கிடைப்பதையோ தவறுவதையோ நிபந்தனையாக்காமல், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு உறுதிசெய்ய வேண்டும் என்பது முதலாவது. வெளியூர் ஆட்டக்காரர்கள் தங்குவதற்கெனத் தனி நிதி தொடங்கி, அதற்கு உறுப்பினர் சந்தாவிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும் என்பது இரண்டாவது. உறுப்பினர்களின் கருத்துகளைக் கேட்ட பின் இவற்றை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்ததாகப் பொருளாளர் வரவு செலவுக் கணக்கைச் சமர்ப்பிப்பார்.

செயலாளர்
தருமபுரி