சில்லறை மேசையின் எரிச்சல்

அன்புள்ள சுந்தர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறி மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும்தான் நிம்மதி வந்தது. இங்கே எல்லோரும் நலம். மகள் பரீட்சை முடித்துவிட்டாள், இப்போது வீட்டில் அவள் ராஜ்ஜியம்தான்.

சென்ட் கணக்கில் ஆடுகிற ஆன்லைன் போக்கருக்கு இவ்வளவு எரிச்சல் ஏன் என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. ஒரு சென்ட், இரண்டு சென்ட் பிளைண்ட் (சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகக் கட்டும் பந்தயம்) மேசையில் கொண்டுபோனதை முழுவதும் தோற்றாலும் இரண்டு டாலரோடு போயிற்று. பணம் போவது எனக்கு உறைக்கவே இல்லை. நான் ஆடியது சரியா தப்பா என்று அந்த மேசை வாய் திறந்து சொல்வதே இல்லை பார், அதுதான் உறைக்கிறது.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். கையில் இரண்டு ஏஸ். பெரிய பிளைண்டைப் போல நாலு மடங்கு ஏற்றினேன், மூன்று பேர் கூடவே வந்தார்கள். ஃப்ளாப்பில், அதாவது எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், கிங், ஏழு, இரண்டு. ஒரே இனமாகச் சேரும் ஃப்ளஷ் பயமோ வரிசையாகச் சேரும் ஸ்ட்ரெய்ட் பயமோ இல்லாத சீட்டுகள். பந்தயம் கட்டினேன், இரண்டு பேர் விலகினார்கள், ஒருவர் மட்டும் நின்றார். நாலாவது பொதுச் சீட்டான டர்னில் ஒன்பது. மீதி இருந்ததை எல்லாம் தள்ளினேன். அவர் யோசிக்கவே இல்லை, அதே அளவு கட்டி கால் பண்ணினார். திறந்து பார்த்தால் ஏழும் நாலும்! பார்வையில் படாத 44 சீட்டில் வெறும் 5 சீட்டுதான் (இரண்டு ஏழு, மூன்று நாலு) அவரைக் காப்பாற்றும். கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் நாலு விழுந்தது, அவருக்கு இரண்டு ஜோடி.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மீதி 39 சீட்டில் எது வந்திருந்தாலும் அவர் பணம் என்னிடம் வந்திருக்கும். இப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் இந்த மேசையில் லாபத்துக்கே வழியில்லை. இதெல்லாம் மூளைக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் வயிறு எரிகிறது. ஏஸ் ஜோடி சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. ஒரே எதிராளி என்றால் 100க்கு 85 தடவை அது ஜெயிக்கும். ஐந்து பேர் சேர்ந்து வந்துவிட்டால் பாதிக்குப் பாதிதான். சில்லறை மேசையில் ஐந்து பேர் சேர்ந்து வருவது ஒன்றும் அதிசயமில்லை.

அதைவிட வருத்தம் ப்ளஃப் விஷயத்தில். ப்ளஃப் என்பது கையில் ஒன்றுமில்லாமலே நல்ல சீட்டு இருப்பதுபோல் மூன்று சுற்றாகச் சொல்லும் கதை, கேட்கிறவர் கவனித்தால்தான் நம்புவார். இங்கே பாதிப் பேர் தங்கள் இரண்டு சீட்டைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை. ஃப்ளாப்பில் ஏற்றி, டர்னில் ஏற்றி, ரிவரில் பயமுறுத்தும் சீட்டு விழுந்து, பெரிதாகக் கட்டினாலும் மிகச் சிறிய ஜோடியை வைத்துக்கொண்டு கால் பண்ணுகிறார்கள். அதனால் ப்ளஃபை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நல்ல சீட்டுக்குக் காத்திருந்து, வந்ததும் நிறையக் கட்டுவதுதான் வழி. கணக்குப்படி அது சரி. ஆனால் நாம் இருவரும் போக்கரை விரும்பியது எதிரே இருப்பவரின் மனதைப் படிப்பதற்காக அல்லவா? அந்தச் சுகம் இங்கே கிடைப்பதில்லை.

அப்புறம் ரேக், அதாவது தளம் எடுக்கும் கமிஷன். பல தளங்களில் ஃப்ளாப் பார்த்த ஒவ்வொரு ஆட்டத்தின் பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்திலிருந்தும் 5 சதவீதம் வாக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு, பெரிய மேசைக்காரர்கள் அதனால் தப்பிக்கிறார்கள். நம் பாட் அந்த வரம்பைத் தொடுவது அபூர்வம். ஆக, பிளைண்ட் கணக்கில் பார்த்தால் ஏழை மேசைதான் அதிகம் கட்டுகிறது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

நாம் நன்றாக ஆடுகிறோமா என்று தெரிந்துகொள்ளவும் அவ்வளவு சுலபத்தில் முடியாது. 100 ஆட்டத்துக்கு சராசரியாக 5 பிக் பிளைண்ட் (இரண்டு பிளைண்டில் பெரியது) லாபம் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர். அதே 100 ஆட்டத்தில் 80, 90 பிக் பிளைண்ட் மேலே போவதும் கீழே போவதும் சகஜம். கணக்குப் போட்டுப் பார், 10,000 ஆட்டம் ஆடிய பிறகும் அப்படிப்பட்டவர் நஷ்டத்தில் நிற்கலாம்.

மேல் மேசைக்குப் போனால் நம் பந்தயத்துக்கு மரியாதை கிடைக்கும் என்கிறாய். மணிமேக்கர் கதையையும் நினைவுபடுத்தியிருந்தாய். 2003இல் ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக லாஸ் வேகாஸ் போய் உலக போக்கர் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற கணக்காளர்தான் அவர், மறுக்கவில்லை. ஆனால் அன்று அந்தப் போட்டியில் இருந்தவர்கள் 839 பேர், ஜெயித்தவர் ஒருவர். எதற்கும் கால் பண்ணுகிறவர்களிடமே லாபம் நிரூபணமாகாதபோது, யோசித்து ஆடுகிறவர்களிடம் போய் என்ன செய்வது? இதில் உன் யோசனையை நான் ஏற்பதாக இல்லை.

இப்போது இரண்டு மேசைக்கு மேல் திறப்பதில்லை. கையிருப்பைப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்ததும் பணம் முழுக்க உள்ளே போன ஆட்டங்களை மட்டும் எடுத்து, அந்த நிமிடத்தில் எனக்கு ஜெயிக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் இருந்தது என்று குறித்து வைக்கிறேன். அதைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு வருகிறது.

நீ எழுதிய அந்தக் குயின் ஜோடி ஆட்டத்தில், டர்னில் எதிராளி எவ்வளவு கட்டினார், நடுவே பந்தயப் பணம் அப்போது எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லவே இல்லை. அது தெரியாமல் நீ விலகியது சரியா என்று என்னால் சொல்ல முடியாது. அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ரகு