வயிற்றுக் கொழுப்பை அளக்கிறீர்கள், பசியை எப்போது அளப்பீர்கள்?

இறைச்சிக் கோழி இனங்களை உருவாக்கும் மரபியலாளர்களுக்கும், கோழியின் கொழுப்பு மரபணுக்களைத் தேடும் ஆராய்ச்சியாளர்களுக்கும்,

வணக்கம். நான் கோழி நோய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர். செத்த கோழியைத் திறந்து பார்ப்பது என் அன்றாட வேலை. வயிற்றைக் கீறியதும் முதலில் கண்ணில் படுவது மஞ்சளாகப் படிந்து கிடக்கும் கொழுப்புத் திண்டுதான். கொழுப்புக் குறைந்த கோழிகளைத் தேர்ந்தெடுக்க நீங்களும் அதைத்தான் வெட்டி எடுத்து எடை போடுகிறீர்கள். அளப்பதற்கு எளிது, பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்கு நன்றாகவே கடந்துவரும் குணம். சரி, அளந்துகொள்ளுங்கள். அதோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

கோழியின் கொழுப்பு அந்தத் திண்டில் உற்பத்தியாவதில்லை. பன்றியில் கொழுப்புத் திசுவே பெருமளவு கொழுப்பைப் புதிதாகத் தயாரித்துக்கொள்ளும். கோழியில் அந்த வேலை கிட்டத்தட்ட முழுவதும் கல்லீரலுடையது. தீவனத்து மாவுச்சத்து அங்கே கொழுப்பாக மாறி, கொழுப்புப் புரதத் துகள்களில் ஏறி ரத்தத்தில் பயணப்படுகிறது. திண்டுக்கு வந்ததும் லைப்பேஸ் நொதி அதைப் பிரித்து உள்ளே விடுகிறது. ஆக, நீங்கள் எடை போடுவது கிடங்கை. கிடங்கைக் கட்டுவதற்கும் மரபணுக்கள் உண்டு, மறுக்கவில்லை. முன்னோடிச் செல்களைக் கொழுப்புச் செல்களாக மாற்றும் பீபார்-காமா, அதற்குத் துணை நிற்கும் சி-ஈபிபி ஆல்ஃபா, அந்த மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் காட்டா-2 எல்லாவற்றையும் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். ஆனால் சரக்கு வந்து குவிந்தால் எந்தக் கிடங்கும் நிரம்பத்தானே செய்யும்? சரக்கை வரவழைப்பது பசி.

பாலூட்டிகளிடமிருந்து இரவல் வாங்கிய கணக்கும் இங்கே உதவாது. கொழுப்பை எரித்துச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு கோழிக்குக் கிடையாது. அதற்கான யூசிபி-1 மரபணுவே பறவைகளிடம் இல்லை. பாலூட்டிகளில் பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினின் கதை அதைவிடச் சுவாரசியம். கோழியின் லெப்டினைக் கண்டுபிடித்துவிட்டதாக 1990களின் இறுதியில் வந்த அறிவிப்பு பிறகு நிற்கவில்லை. உண்மையான மரபணு கைக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கிடைத்தபோது, பாலூட்டிகளில் போலக் கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் ஹார்மோனாக அது தெரியவில்லை. ‘கொழுப்பு போதும், தின்றது போதும்’ என்று திண்டு சொல்லி அனுப்பும் என நம்பியிருக்க முடியாது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இரு கோழி வரிசைகளை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1957இல் வெள்ளைப் பிளிமத் ராக் கோழிகளிலிருந்து தொடங்கி, எட்டு வார எடையை மட்டும் பார்த்து, ஒரு பக்கம் கனமானவற்றையும் மறு பக்கம் இலேசானவற்றையும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். 50 தலைமுறை தாண்டியபோது எடையில் பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். கனமான வரிசை ஓயாமல் தின்று கொழுத்தது. இலேசான வரிசையிலோ சில குஞ்சுகள் தீவனத்தைத் தொடாமலேயே செத்தன. யாரும் பசியைத் தேர்ந்தெடுக்கவில்லை, கொழுப்பையும் தேர்ந்தெடுக்கவில்லை. எடையோடு இரண்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. இரு வரிசைகளையும் கலந்து, எடையைத் தீர்மானிக்கும் மரபணு இடங்களைத் தேடியபோது, பெரிய விசை என்று ஒன்று அகப்படவில்லை. தனியாகப் பார்த்தால் சொற்ப விளைவுள்ள பல இடங்கள், ஒன்றோடொன்று சேரும்போது பலம் காட்டின. அதனால்தான் ‘கொழுப்பு மரபணு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

கனடாவில் 1957, 1978, 2005 ஆண்டுகளைச் சேர்ந்த கோழி வகைகளை ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்களே, அதில் 56ஆம் நாள் எடை 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். உங்கள் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த வேகக் குஞ்சுகளைத் தரும் பெற்றோர்க் கோழிகளும் அதே பசியோடுதான் பிறக்கின்றன. விற்பனைக் குஞ்சு சில வாரங்களில் போய்விடும். பெற்றோர்க் கோழி மாதக்கணக்கில் வாழ வேண்டும். வேண்டிய மட்டும் தின்னவிட்டால் கொழுத்து, ஒரே நேரத்தில் பல கருமுட்டைகள் முதிர்ந்து, முட்டையிடுவது குழம்பி, சாவும் கூடுகிறது. அதனால் வளரும் பருவத்தில், தின்னக்கூடியதில் பாதிக்கும் குறைவாகவே தீவனம் வைக்கிறார்கள். வெறும் தீவனத் தட்டை அவை விடாமல் கொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தவன் நான்.

மாற்று வழி இல்லாமலில்லை. பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் (பெட்டைக்கு ஒன்று, சேவலுக்கு இரண்டு) உள்ள வளர்ச்சி ஹார்மோன் ஏற்பியின் மரபணுவில் பழுது இருந்தால் கோழி குட்டையாகும். அப்படிப்பட்ட தாய் குறைவாகத் தின்னும், ஓரளவு தாராளமாகத் தீவனம் வைத்தாலும் தாங்கும். சேவல் இயல்பானதாக இருந்தால் குஞ்சுகளுக்குப் பெரிய நட்டமில்லை: பெண் குஞ்சுக்கு இசட் தந்தையிடமிருந்து மட்டுமே வருகிறது, ஆண் குஞ்சுக்கு ஒரு நல்ல பிரதி கிடைத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், குட்டைக் கோழிக்கு உடலில் கொழுப்பு அதிகம். உங்கள் தராசில் வைத்தால் அது தோற்றுப்போகும்!

எந்தக் கோழியை இனப்பெருக்கத்துக்கு வைப்பது என்று நீங்கள் மதிப்பெண் போடும் தேர்வுக் குறியீட்டில் பசிக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஒவ்வொரு கோழியும் எத்தனை முறை தின்ன வந்தது, ஒரு தடவைக்கு எவ்வளவு தின்றது என்று பதிவு செய்யும் மின்னணுத் தீவன நிலையங்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பதிவுகளை, தீவனத்தை இறைச்சியாக மாற்றும் திறனைக் கணக்கிட மட்டும் பயன்படுத்தாமல், கட்டுப்பாட்டில் வளரும் பெற்றோர்க் கோழிகளின் நடத்தையோடும் சேர்த்துப் பாருங்கள். ஆராய்ச்சியாளர்களே, அடுத்த முறை திண்டிலிருந்து மாதிரி எடுக்கும்போது அதே கோழியின் கல்லீரலிலிருந்தும், மூளையில் பசியை ஆளும் பகுதியான ஹைப்போதலாமஸிலிருந்தும் எடுத்து வையுங்கள். அப்புறம், ஒவ்வொரு புதிய வரிசையையும் வெளியிடும்போது, அதன் பெற்றோர்க் கோழிக்கு எந்த வயதில் எவ்வளவு தீவனத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்ற எண்ணையும், தடையின்றி விட்டால் அது எவ்வளவு தின்னும் என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கோழி மருத்துவர்