எழுத்து வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தினமும் விடிகாலை 5 மணிக்கு எழுந்து ஆளுக்கொரு பக்கம் எழுதுவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான். மூன்று மாதத்தில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். எழுதாமல் எப்படி முகம் காட்டுவது என்ற கூச்சம். இது என்னை மிகவும் வருத்தியது.

அப்புறம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டோம். எப்போது எழுத உட்கார்ந்தீர்கள், எங்கே நின்றுபோனது என்று ஒரு மாதம் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்புகள்தான் இந்த ஆண்டில் வட்டத்துக்குக் கிடைத்த பெரிய சொத்து.

அருமனைப் பக்கத்து அக்கா ஒருவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்பே தோட்டத்தில் நிற்க வேண்டும். நாம் சொன்ன 5 மணி அவருக்கு வேலை நேரம். ஆனால் கடைசி மரத்தையும் வெட்டி முடித்தபின், பால் ஒழுகி நிற்கும்வரை கொஞ்ச நேரம் கிடைக்கிறது. அப்போது மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறார். பால் எடுக்கும் நேரம் வந்தால் பாதி வாக்கியத்திலேயே எழுந்துவிடுவார். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற திகைப்பே அவருக்கு இல்லை. மழையால் வெட்டு நின்றுபோகும் நாளில், எழுதியதைத் திருத்துகிறார். இதைக் கேட்டபின் நானும் பாதி வாக்கியத்தில் நிறுத்திப் பழகுகிறேன்.

குளச்சல் தம்பி விசைப்படகில் போகிறவர். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில்தான் எழுதுகிறார். மற்ற மாதங்களில் தோன்றுவதை போனில் பேசிப் பதிந்து வைத்துக்கொள்கிறார். இதை எழுத்துப் பழக்கம் என்று சொல்ல முடியுமா என்று சிலர் கேட்டார்கள். முடியும் என்பதே என் எண்ணம். பேசிப் பதிந்ததால் கடற்கரைப் பேச்சு அப்படியே அவர் கதைக்குள் வந்திருக்கிறது.

அக்காவோ, பால் பிடிக்கும் தேங்காய் ஓட்டை முதல் வரைவில் ஊர்ப் பேச்சில் உள்ளபடி 'சிரட்டை' என்று எழுதியதைத் திருத்தும்போது 'கிண்ணம்' என்று மாற்றியிருந்தார். கூட்டத்தில் உரக்க வாசித்ததும் எல்லோருக்கும் அது இடறியது. சரி, சிரட்டையே இருக்கட்டும் என்று முடிவானது.

வேலையெல்லாம் ஓய்ந்தபின் எழுதலாம் என்கிறவர்களுக்கு நான் தோப்பில் முஹம்மது மீரானை நினைவூட்டுவது வழக்கம். தேங்காப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் படித்து, மிளகாய் வற்றல் வியாபாரம் செய்துகொண்டே தமிழில் எழுதி, 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர் அவர்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வராமல் நின்றவர்களை வீடு தேடிப் போய் அழைத்தோம். சிலர் திரும்பியிருக்கிறார்கள், இன்று பின்வரிசையில் அவர்களைப் பார்க்கிறேன். 5 மணித் தீர்மானத்தை நானே திரும்பப் பெறுகிறேன். அதை ரத்து செய்யும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்