மணிக்கூண்டு ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

முதலில் மறுக்கப்பட்ட மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு அண்ணனுக்கு இப்போது உத்தரவு வந்துவிட்டது. என்ன பாடுபட்டார் என்பது காசிமேட்டில் தெரியாதவர் கிடையாது, அதைத் திரும்ப எழுத மனமும் இல்லை. யார் யாரால் இது நடந்தது என்பதை மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதல் நன்றி, வள்ளலார் நகர் மணிக்கூண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பிக்கு. மேல்முறையீட்டு மனுவோடு வைக்க நகல் எடுக்கக் கொடுத்த இடம் அது. அண்ணனின் கால் ஊனச் சான்றிதழையும் காதுக் குறைபாட்டுச் சான்றிதழையும் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர், மூடியை இறக்காமல் நின்றார். கட்டைவிரல் நகத்தால் ஒரு வரியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அக்கா, ரெண்டும் ஒரே ஆளோடதா? கால் 36 பர்சன்ட், காது 25. தனித்தனியா குடுத்தா ரெண்டுமே நாப்பதுக்குக் கீழ. அதான் தள்ளிட்டாங்க. சேத்து ஒரே சர்ட்டிபிகேட்டா வாங்குங்கக்கா, தாண்டிடும்."

பின்னால் ஆட்கள் காத்திருக்க, வீணாய்ப் போன ஒரு தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கையும் எழுதிக் காட்டினார். நாள் முழுக்க இந்தச் சான்றிதழ்கள் கைவழியே போகிற மனிதர். ஆனாலும் நின்று படித்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லையே! கேட்காமல் செய்த உதவி அது.

அந்தக் கணக்கு நம் பக்கத்தில் இன்னும் பலருக்குத் தேவைப்படும் என்பதால் இங்கேயே எழுதுகிறோம். இரண்டு குறைபாடு இருந்தால், பெரிய விழுக்காட்டை 90-லிருந்து கழிக்க வேண்டும். 90-ல் 36 போனால் 54. அதைச் சின்ன விழுக்காடான 25-ஆல் பெருக்கி, 90-ஆல் வகுத்தால் 15. இந்தப் 15-ஐ 36-உடன் சேர்த்தால் 51. உதவித்தொகைக்கு வேண்டியது 40. மத்திய அரசின் குறைபாட்டு மதிப்பீட்டு வழிகாட்டுதலில் உள்ள முறை இது. 36-ஐயும் 25-ஐயும் அப்படியே கூட்டி 61 என்று மனுவில் எழுதிவிடாதீர்கள், அது எடுபடாது. மூன்று குறைபாடு என்றால், முதல் இரண்டையும் இப்படிச் சேர்த்து, வந்த விடையோடு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும்.

இது ஏன் தவறிப்போகிறது என்றால், எலும்பு மருத்துவர் ஒரு நாள் பார்க்கிறார், காது மருத்துவர் வேறொரு நாள். ஆளுக்கொரு தாளில் அவரவர் உறுப்பை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். காலும் காதும் ஒரே உடம்பில் இருக்கின்றன என்பதை எந்தத் தாளும் சொல்வதில்லை. 2017 மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் இதற்கென்றே ஆறாம் எண் படிவம் இருக்கிறது, பல்வகைக் குறைபாட்டுக்கு. யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) விண்ணப்பத்தில் இரண்டு குறைபாட்டையும் குறிப்பிட்டால்தான் மருத்துவ வாரியம் அந்தப் படிவத்துக்கே போகும். ஒன்றை மட்டும் குறித்தால் ஒன்றுக்குத்தான் சோதனை.

முதலில் போக வேண்டிய இடமும் முக்கியம். உதவித்தொகை மேல்முறையீட்டைப் பார்க்கும் கோட்டாட்சியருக்கு விழுக்காட்டை மாற்ற அதிகாரம் இல்லை. அது மருத்துவர்கள் வேலை. பழைய சான்றிதழ்களோடு நேராகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்தால் பழைய பதில்தான் திரும்ப வரும். முதலில் சேர்த்த சான்றிதழ், பிறகுதான் உதவித்தொகை மேல்முறையீடு. சான்றிதழ் தரவே மறுத்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 59-ஆம் பிரிவு அதற்குத் தனி மேல்முறையீடு தருகிறது. மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. "வாராது, போங்க" என்று வாயால் சொன்னதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

இனி மற்றவர்கள். மனுவின் மூலையில் பென்சிலால் ந.க. எண்ணை (அலுவலகக் கோப்பு எண்ணை) எழுதிக் கொடுத்த பிரிவு எழுத்தர் அம்மாவுக்கு நன்றி. அந்த எண் இருந்ததால்தான் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கள விசாரணை அறிக்கையின் நகலைக் குறிப்பாகக் கேட்க முடிந்தது. எண் இல்லாமல் "என் மனு என்ன ஆயிற்று" என்று கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். ஒலிச் சோதனை அறையில் அண்ணனுக்குப் புரியும்வரை சைகையால் பொறுமையாக விளக்கிய பெண்ணுக்கு நன்றி. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்று சொல்லி, மனுவைத் திருத்தியும் கொடுத்த வக்கீல் அக்காவுக்கு நன்றி. வாரியத்துக்கு வண்டி ஓட்டிய ஆட்டோ அண்ணன்களுக்கும், ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இனிஷியல் வேறு வேறாக இருந்ததைச் சரிசெய்து தந்த இ-சேவை மையத்துப் பிள்ளைகளுக்கும் நன்றி.

மாதம் 1,500 ரூபாய். வலைக்கு முன்புபோல் போக முடியாத ஒரு மனிதருக்கு அது மருந்துச் செலவு, அரிசிச் செலவு, யாரிடமும் கை நீட்டாத ஒரு வாரம். அதைவிட, "உனக்கு அவ்வளவு ஊனமில்லை" என்று ஒரு தாள் சொன்னதை இன்னொரு தாள் திருத்தியிருக்கிறது. அவர் அதைப் படித்துப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தெருவில் மனு எழுதிக் கொடுக்கும் நாங்கள் இதன்பின் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். 40-க்குக் குறைவு என்று தள்ளப்பட்டு யார் வந்தாலும், முதல் கேள்வி "வேறு என்ன குறைபாடு இருக்கிறது, அதற்குச் சோதனை செய்தீர்களா?" என்பதாகத்தான் இருக்கும். தண்டையார்பேட்டை, எண்ணூர், வியாசர்பாடி, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எல்லாச் சான்றிதழ்களையும் சேர்த்து எடுத்து வாருங்கள். பழையது, கிழிந்தது, செல்லாது என்று வீட்டில் ஒதுக்கி வைத்ததையும் சேர்த்து.