பேட்டரியை மாற்றிவிட்டேன் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு மழை வந்ததும் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, அது வருடா வருடம் உள்ளதுதான். போனில் பேசலாம் என்றால் நீ மீட்டிங் இருக்குப்பா என்கிறாய், நானும் சரி வை என்று வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நம் பழைய கம்ப்யூட்டரில்தான் டைப் அடிக்கிறேன். ஆமாம், அது மறுபடியும் ஓடுகிறது. நான்தான் சரி செய்தேன்.

கடலை மிட்டாய் பார்சல் ஆபீஸ் அட்ரஸுக்கே அனுப்பிவிட்டேன், நீ சொன்னபடி. வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், பகலில் வாங்க ஆள் இருக்காது என்றாய், சரி. ராத்திரி சாப்பிடாமல் மட்டும் படுக்காதே.

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாகவே அதில் கடிகாரம் பின்தங்கியது, நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று. நேரம்தானே என்று கையால் திருத்திவிட்டு விட்டுவிட்டேன், அது என் தப்பு. ஐப்பசியில் ஒரு ராத்திரி நல்ல இடி மழை, கரண்ட் போனது, யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் நின்றது. மறுநாள் காலையில் போட்டால் கறுப்புத் திரையில் சிமாஸ் செக்சம் எரர், டீபால்ட்ஸ் லோடட் என்று வந்து நிற்கிறது, அதாவது போர்டு நினைவில் வைத்திருந்த செட்டிங் அழிந்து, முதலில் கம்பெனியில் வைத்த செட்டிங்குக்கே போய்விட்டது என்று. எஃப்1 அழுத்தினால் தொடரும் என்று போட்டிருந்தது, அழுத்தினேன். விண்டோஸ் படம் வருகிற மாதிரி வந்து, கண் இமைக்கிற நேரம் நீலத் திரை, உடனே தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து. பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தேன். அந்த நீலத் திரையைப் போனில் வீடியோ எடுத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் கடைசியில் 7பி என்று ஒரு எண் தெரிந்தது.

பஜாரில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்தத் தம்பி மூடியைக்கூடக் கழற்றவில்லை, மதர்போர்டு போய்விட்டது, 2010 மாடலுக்கு இனிமேல் போர்டு கிடைக்காது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றான். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். 34 வருடம் மின்வாரியத்தில் இருந்தவன் நான், மூடியைத் திறக்காமல் மீட்டர் போய்விட்டது என்று யாருக்கும் சொன்னதில்லை. உனக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். அப்போது மணி பத்தரை, நீ தூங்கியிருப்பாய் என்று வைத்துவிட்டேன். நீ தூங்கியிருக்க மாட்டாய், அதுவும் தெரியும். வாட்ஸ்அப்பில் பச்சை விளக்கு மாதிரி ஆன்லைன் என்று ராத்திரி ஒன்றரைக்கெல்லாம் காட்டுகிறது.

மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி உள்ளே மிச்சம் இருந்த கரண்டையும் இறக்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றினேன். நீயும் எதைத் திறந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கு, சுவிட்சை நம்பாதே. தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினேன், ராம் என்கிற மெமரி அட்டை இரண்டையும் கழற்றி அதன் தங்க நிறப் பல்லை அழிரப்பரால் துடைத்தேன். தகட்டை மறுபடி மாட்டப் போகும்போதுதான் அதன் உள்பக்கம் ஒரு பேப்பர் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். உன் கையெழுத்து. நீ 2018 தீபாவளிக்கு வந்தபோது எஸ்எஸ்டி என்று ஒரு வேகமான புது டிஸ்க் போட்டாயே, அப்போது எழுதி ஒட்டியிருக்கிறாய்.

'அப்பா, செட்டிங் எல்லாம் அழிந்துபோனால்: டெலீட் கீயை அழுத்தி உள்ளே போகவும். 1. சாட்டா மோடு ஐடிஇ என்று மாறியிருக்கும், ஏஹெச்சிஐ என்று மாற்றவும். 2. பூட் வரிசையில் எஸ்எஸ்டி முதலில் இருக்க வேண்டும், பழைய டிஸ்க் இரண்டாவது. 3. எஃப்10, யெஸ்.'

நான் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன் பாப்பா. ஏழு வருடத்துக்கு முன்பே எனக்கு என்ன வரும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை என்னிடம் வாயால் சொல்லாமல் பெட்டிக்குள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன், அதற்குப் பதிலும் எனக்குத் தெரியும், பின்னால் எழுதுகிறேன்.

நீ எழுதியபடியே செய்தேன். மௌஸ் வேலை செய்யாத அந்த நீல மெனுவில் அம்புக்குறி கீயால் தேடி, ஐடிஇயை ஏஹெச்சிஐ ஆக்கினேன். இரண்டும் போர்டு டிஸ்க்கோடு பேசுகிற முறைகள், ஐடிஇ பழையது, ஏஹெச்சிஐ புதியது. எஸ்எஸ்டியில் விண்டோஸை ஏஹெச்சிஐயில் வைத்துப் போட்டிருக்கிறாய், செட்டிங் அழிந்ததும் போர்டு தன் பழைய வழக்கப்படி ஐடிஇக்குப் போய்விட்டது, விண்டோஸ் எழுந்திருக்கும்போது தன் டிஸ்க்கே அதற்குத் தெரியவில்லை, அதுதான் அந்த 7பி. போர்டு நன்றாகத்தான் இருந்தது. விண்டோஸ் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாப்பா எழுதி வைத்திருக்கிறாள் பார் என்று எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

ஆனால் மூலையில் தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்தது. எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் பாதுகாப்பானது இல்லை என்றே வந்தது. ஒவ்வொரு வெப்சைட்டின் சான்றிதழுக்கும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை என்று உண்டாம், 2009-இல் உட்கார்ந்து பார்த்தால் அது இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறந்தது. ராத்திரி அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் மறுபடி அதே எரர், மறுபடி ஐடிஇ, மறுபடி 2009. அப்போதுதான், கரண்ட் இல்லாதபோது செட்டிங்கையும் கடிகாரத்தையும் காப்பாற்ற போர்டில் இருக்கிற அந்தச் சின்னப் பேட்டரியை நினைத்தேன். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் 2.3 காட்டுகிறது. 3 வோல்ட் பேட்டரி அது. சிஆர் 2032, அதாவது 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். வாட்ச் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கிவந்தேன், புதியது 3.2 வோல்ட் காட்டியது. ஓரத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பழையது தானாக எழும்புகிறது, பிளஸ் மேலே இருக்கும்படி போட வேண்டும், அவ்வளவுதான். இத்தனைக்கும் இந்தப் பேட்டரி சீக்கிரம் போனதற்கு என் பழக்கமும் ஒரு காரணம். சுவிட்ச்போர்டில் கரண்ட் இருக்கும்வரை அந்தக் கடிகாரம் மெயின் கரண்டில் ஓடும், நான் ராத்திரி ஆனால் சுவரிலேயே அணைத்துவிடுகிறவன்.

அம்மா இப்போது பெங்களூரு குளிரைப் பற்றிக் கேட்கிறாள். கம்பளி இருக்கிறதா உன்னிடம்? போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உனக்குப் பின்னால் பச்சைச் சுவர் இருந்தது. உங்கள் வீட்டில் பச்சைச் சுவர் கிடையாதே என்று அம்மா சொன்னாள், நான் பெயிண்ட் அடித்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை குரலைக் கேட்டு விநாயகர் சதுர்த்தியிலிருந்து ஆகிறது. அவருக்கு வேலை அதிகம் இருக்கும். உன் சம்பளம் உன் பேரில் உள்ள அக்கவுண்டிலேயே வரட்டும், அதை எதற்காகவும் மாற்றாதே. இதை நான் உன் கல்யாணத்தின்போதும் சொன்னேன்.

அந்த 2009-க்கு வருகிறேன். அந்தத் தேதியை நான் முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், நீயும் மறந்திருக்க மாட்டாய். 2011 ஜனவரி. உனக்கு பிளஸ் டூ அரையாண்டில் கெமிஸ்ட்ரி குறைந்தது, கம்ப்யூட்டர்தான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். ஆபீஸில் ஒருவருடைய மகனைக் கூட்டிவந்து, போட்டதும் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி பயாஸிலேயே, அதாவது விண்டோஸுக்கு முன்னால் வருகிற அந்த நீல மெனுவிலேயே பூட்டினேன். பத்து நாள்கூட ஆகவில்லை, ஒரு காலையில் போட்டுப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்கவில்லை, மூலையில் 2009 ஜனவரி 1. நீ பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறாய், அதில் பாஸ்வேர்டும் அழிந்துவிட்டது என்று அந்தப் பையன் சொன்னான். அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஏன் செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையை ஓங்கினேன். பெட்டியைப் பழைய வேட்டியில் கட்டிப் பரணில் ஏற்றினேன், பரீட்சை முடிகிறவரை இறக்கவில்லை. பெரியத்தை வீட்டில் எல்லார் முன்னாலும் திருட்டுத்தனம் என்கிற வார்த்தையைச் சொன்னேன். நீ நிமிரவே இல்லை, விளையாடத்தான் திறந்தேன் என்று ஒத்துக்கொண்டாய்.

போன வாரம் பைல் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பழைய டிஸ்க்கைத் தேதி வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு எக்செல் பைல் நின்றது. 2009 ஜனவரி 1, ராத்திரி 12.47. கம்ப்யூட்டர் வாங்கியதே 2010 ஜூனில், இது எப்படி என்று திறந்தேன். அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு. யார் யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எவ்வளவு கடன் என்று. அம்மா பேருக்கு நேராக 15,000 ரூபாய்.

பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் நள்ளிரவு 12 மணியிலிருந்து ஆரம்பிக்கும். நீ அன்றைக்கு 47 நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய். ஒரு விளையாட்டும் விளையாடவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். முதலில் பேசவில்லை, அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் பேங்கில் இருந்து ஆள் வருவதாக இருந்ததாம், கணக்கு நோட்டு நனைந்துபோயிருந்ததாம், அந்தக் கடன் சங்கரன்கோவில் மாமாவுக்காக வாங்கியதாம். என்னிடம் சொன்னால் அந்த வீட்டுக்கு எதற்குக் கொடுத்தாய் என்று நான் ஆடுவேன் என்று இரண்டு பேரும் மறைத்திருக்கிறீர்கள். ஆடியிருப்பேன். நீ அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் அடியை வாங்கிக்கொண்டாய், 17 வயதில். பதினைந்து வருடமாக அம்மாவும் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை.

அந்த வருடம் கவுன்சிலிங்கில் நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டாய், இவள் கையில் கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான்தான் வேறு பிரிவில் சேர்த்தேன். நீ அதைப் படித்து முடித்துவிட்டு, உன் பணத்தில் கோர்ஸ் படித்து, நீ நினைத்த வேலைக்கே போய்விட்டாய். நான் ஊரெல்லாம் என் மகள் பெங்களூரில் சாப்ட்வேர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை. உன்னை மேலே வரவிடாமல் செய்தவன் நான். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு என்னுடையது. பெரியத்தையிடமும் போன திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டேன், என் மகள் திருடவில்லை என்று. அவளுக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை, பிறகு அழுதுவிட்டாள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஒன்றும் இல்லைப்பா என்று நீ சொன்னால் இத்தனை நாளும் நான் நம்பிவிடுவேன். இப்போது நம்ப முடியவில்லை. உன்னால் எவ்வளவு காலம் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியும் என்று பார்த்துவிட்டேன். நான் எதுவும் கேட்கப் போவதில்லை. கேட்கிற விதம் எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. நீ சொல்கிறபோது நடுவில் பேசாமல் கேட்பேன், இது மட்டும் என்னால் முடியும். சம்பளம் உன் அக்கவுண்டிலேயே இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

விண்டோஸ் 7-க்கு 2020-லேயே அப்டேட் நின்றுவிட்டது, அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள் என்று நீ சொன்னாய், பார்க்கவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றாயே, வரும்போது போட்டுக் கொடு. பயாஸில் பாஸ்வேர்டு எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். உன் பேப்பரைக் கிழிக்கவில்லை, அதே இடத்தில் இருக்கிறது, கீழே பேட்டரி மாற்றிய தேதியை மட்டும் என் கையால் எழுதினேன்.

பொங்கலுக்கு மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறார்கள், ஜனவரி 13-க்கு என்றால் நவம்பர் நடுவில் வந்துவிடும், காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவேன். முடிந்தால் கீழ் பெர்த் பார்க்கிறேன். திரும்பிப் போகிற டிக்கெட்டை இப்போது எடுக்கவில்லை, அதை நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். எத்தனை டிக்கெட் என்று மட்டும் எழுது, ஒன்றா, இரண்டா. ஒன்று என்றால் ஒன்று எடுக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா