பாறைக்குள் விரிசல் போகும் வழி

மிட்லாண்ட், டெக்சாஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பூமிக்கடியில் பாறை எப்படி உடையும் என்பதை மேலே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி மாளாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த ஊர் கண்ணுக்கெட்டிய தூரம் சமதரை. எங்கு திரும்பினாலும் மெஸ்கீட் முட்புதர்களும் எண்ணெய் இறைக்கும் பம்புகளும்தான். காற்றடித்தால் வானமே புழுதியாகிவிடும். களத்துக்குப் போனால் கிணற்றருகே நிற்கும் வண்டிக்குள் கணினித் திரைகளுக்கு முன்னால் அமர்ந்திருப்பேன். மற்ற நாட்களில் அலுவலக வேலை.

இங்கே கிணறு இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்கி, பிறகு படுக்கைவாட்டில் திரும்பி ஓடும். பாறைக்குள் அடைபட்ட எண்ணெய் வெளிவர, அதன் வழியே தண்ணீரையும் மணலையும் பெரும் அழுத்தத்தில் செலுத்துகிறோம். பாறை பிளக்கிறது. பம்பை நிறுத்தியதும் மூடிக்கொள்ளப் பார்க்கும் பிளவை மணல் தாங்கிப் பிடிக்கிறது. அதன் அகலம் சில மில்லிமீட்டர்தான்; நீளமோ நூறு மீட்டரையும் தாண்டிவிடும்.

பிளவு எந்தத் திசையில் போகும் என்பதை 1957-இலேயே ஹப்பர்ட், வில்லிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கிவிட்டார்கள். ஜெலட்டினை ஒரு பக்கமாக நெருக்கிவைத்து, அதற்குள் ஜிப்சம் கூழைச் செலுத்திப் பார்த்தார்கள். நெருக்கம் எந்தத் திசையில் மிகக் குறைவோ அந்தத் திசையில் வாய் பிளந்தது. ஆழத்தில் மேலேயுள்ள பாறைகளின் பாரம் அதிகம், பக்கவாட்டு நெருக்கம் பெரும்பாலும் குறைவு. அதனால் பிளவு சுவர்போலச் செங்குத்தாக நிற்கும்.

திசையைச் சொல்லிவிடலாம், உயரம்தான் பெரும்பாடு. பாறை அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் நெருக்கம் வேறு. மேலடுக்கில் நெருக்கம் அதிகமென்றால் பிளவு அங்கே தடைபட்டு, நீளவாக்கில் ஓடும். குறைவென்றால் மேலே ஏறிவிடும், நீளம் சுருங்கும். பெர்கின்ஸ், கெர்ன் இருவரும் 1961-இல் தந்த கணக்கு, உயரம் மாறாது என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. இன்றைய கணினி மாதிரிகள் உயரத்தையும் கணக்கிடுகின்றன. பாறைக்குள் கசிந்துபோகும் நீர், பக்கத்துப் பிளவு தரும் நெருக்கம் எல்லாமே சேர்ந்துகொள்ளும். வரிசையாகப் பல பிளவுகள் ஒரே நேரத்தில் வளரும்போது நடுவில் இருப்பவை நசுங்கி நின்றுபோவது சாதாரணம்.

அப்பா, என் மனத்தை அரிப்பது இதுதான். நமக்குக் கிடைக்கும் முதன்மையான சாட்சி அழுத்தக் கோடு, அதாவது தண்ணீரைச் செலுத்தும்போது அழுத்தம் நேரத்தோடு ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் கோடு. உயரம் அதிகமாகவும் நீளம் குறைவாகவும் உள்ள ஒரு பிளவு, உயரம் குறைந்து நீண்டு போகும் இன்னொன்று, இரண்டுமே ஏறக்குறைய ஒரே கோட்டைத் தரக்கூடும். கோடு பொருந்திவிட்டது என்பதற்காக வடிவமும் சரி என்று சொல்லிவிட முடியாது. இதே மிட்லாண்ட் படுகையில், ரீகன் மாவட்டத்தில், பிளக்கப்பட்ட பாறைக்குள் சாய்வாகத் துளையிட்டுப் பாறைத் தண்டை வெளியே எடுத்தார்கள். கணினி மாதிரிகள் வரையும் ஒற்றைச் சுவர் அதில் இல்லை. நூற்றுக்கணக்கான பிளவுகள், சில இடங்களில் கொத்துக்கொத்தாக. நாம் வரையும் வழவழப்பான தளத்தை எவ்வளவு நம்பலாம் என்று அதைப் படித்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் பிளவு எவ்வளவு தூரம் போகும் என்று ஒரே எண்ணைக் கேட்பவர்களிடம் இன்னதிலிருந்து இன்னதுவரை என்றுதான் சொல்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். ஆனால் பக்கத்துக் கிணறு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே பொய்யான உறுதியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் ஒரு பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் வேலை. பல ஆண்டுகளாக எண்ணெய் எடுத்ததில் அதைச் சுற்றியுள்ள பாறையில் நெருக்கம் தளர்ந்திருக்கும். புதிய பிளவு அந்தப் பக்கமே சாயப் பார்க்கும். பழைய கிணற்றில் அழுத்தமானி பொருத்தச் சொல்லியிருக்கிறேன். என் கணக்கு எவ்வளவு தூரம் நின்றது என்று அதைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தம்பியின் தேர்வு எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்