நீ கேட்ட கேள்விக்கு

அக்கா,

நாளை மறுநாள் அம்மாவுக்கு முதல் திவசம். பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சுங்கை சிப்புட் வீட்டு அடுக்களையில் அந்த ராத்திரி. செம்பனை உதிரி பொறுக்கிவிட்டு வந்த சட்டையைக்கூட நீ மாற்றவில்லை. அப்ப மாவில் சீனியும் ஈஸ்ட்டும் போட்டுக் கையாலேயே கலக்கினாய். "இந்த ஈஸ்ட்டுக்குள்ள அப்படி என்னதான்டா பாக்குற, அஞ்சு வருசமா?" என்றாய். "சொன்னா உனக்குப் புரியாது" என்றேன். நீ நிமிரவில்லை. சட்டியைத் துணியால் மூடினாய். நான் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்துவிட்டுப் போனாய்.

இப்போது சொல்கிறேன். நன்றாக வளரும் ஈஸ்ட் செல் ஒன்று, நிமிஷத்துக்குச் சுமார் 2,000 ரைபோசோம் கட்டும். புரதம் செய்கிற மெஷின் அது. ஒவ்வொன்றிலும் 4 ஆர்என்ஏ இழை, 79 புரதம். கூட நின்று கட்டிக்கொடுக்க 200க்கு மேல் வேறு புரதங்கள் வரும். வேலை முடிந்ததும் விலகிவிடும், கட்டி முடித்ததில் ஒன்றுகூட இருக்காது. உன்னை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை அக்கா.

ரைபோசோமின் பெரிய பாதியும் சின்னப் பாதியும் செல்லின் உட்கருவிலிருந்து தனித்தனியாகத்தான் வெளியே வரும். பெரியதன்மேல் டிஃப்6 என்ற புரதம் ஒட்டியிருக்கும் வரை சின்னது வந்து சேர முடியாது. எஸ்டிஓ1, ஈஎஃப்எல்1 என்ற வேறு இரண்டு புரதங்கள் சேர்ந்து அதைக் கழற்றும். அந்தக் கழற்றலைத்தான் ஐந்து வருஷமாகப் பார்த்தேன். நம் உடம்பிலும் எஸ்டிஓ1 மாதிரி ஒன்று உண்டு. அது பழுதாகப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் கணையமும் எலும்பு மஜ்ஜையும் சரியாக வேலை செய்யாது.

"மாவுப் பூச்சிய பாக்குறதுக்காக, பெத்தவள பாக்க வரல"ன்னு சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னாயாமே. அவர்கள் முன்னால் ஏன் சொன்னாய்? என்னிடம் சொல்லியிருக்கலாம். அன்று போனில் "அவசரமில்ல"ன்னு சொன்னதும் நீதான். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. மன்னித்துவிடு.

பண விஷயம் இங்கே வேண்டாம், இதைத் தோட்டத்து ஆட்களும் படிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததும் நமக்குள் இருக்கட்டும்.

நாளை இருட்டுவதற்குள் வந்துவிடுவேன். படையலுக்கு அப்பம் உண்டுதானே? அரிசியை மட்டும் ஊறப்போட்டு வை. மாவை நான் வந்து கலக்குகிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள்.